லிட்டருக்கு இருபத்திரண்டு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை எல்லோரும் மைலேஜ் சார் என்றுதான் சொல்வார்கள். அதில் பாதி கேலி. அவர் காதில் கேலி விழாது. பட்டம் கொடுத்ததுபோல் நிமிர்ந்துகொள்வார். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்கிற தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். அவருடைய கார் வாரம் முழுக்கக் கீழே நிழலில் சும்மா நிற்கும், சனி ஞாயிறு மட்டும் ஊருக்குள் ஓடும். இவ்வளவு குறைவாக ஓடுகிற வண்டிக்காக இவ்வளவு அதிகமாகக் கவலைப்படுகிற மனிதர் வேறு எங்கும் இருக்க மாட்டார் என்பது அவருடைய மனைவியின் அபிப்பிராயம். அதை அவள் வெளியே சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது ஒன்று மட்டுமில்லை.

அவள் ஒரு பெரிய மருந்துக்கடையில் மருந்தாளுநர். மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்து, மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்கிற வேலை. கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, எப்போது போட வேண்டும் என்று மறுபடியும் கேட்பார்கள். புதன்கிழமை மட்டும் அவளுக்கு மாலை முறை, காலை ஓய்வு.

கார் வாங்கும்போது விளம்பரத் தாளில் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அதை யார், எங்கே ஓட்டிப் பார்த்தார்கள் என்று போடவில்லை. அடைத்த அறைக்குள் உருளைமேல் சக்கரத்தை வைத்து, ஏசி போடாமல், எதிரே ஒரு ஆட்டோகூட இல்லாமல் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். நம் தெருவில் அந்த வசதி கிடையாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், காய்கறி வண்டி, தோண்டிப்போட்ட பள்ளம், பச்சை விழுந்ததும் பத்து வண்டி போவதற்குள் மறுபடி சிவப்பாகிற சிக்னல். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்தால் எந்த வண்டியும் எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவுதான் அவருடைய வண்டியும் கொடுத்தது. பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டு அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கம்பெனிக்கு நாலு தடவை போன் செய்தார். பரிசோதனைச் சூழலில் கிடைக்கும் அளவு வேறு, சாலையில் கிடைப்பது வேறு என்று ஒரு பெண் குரல் நாலு தடவையும் ஒரே பணிவோடு சொன்னது. பிறகு அவர் தன் காலைத் திருத்த முடிவு செய்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார், அப்போதுதான் பெடலின் நாடி தெரியுமாம். சிக்னலில் என்ஜினை அணைத்தார். பிரேக் போட வேண்டிய இடத்தை நூறடி முன்பே கண்டுபிடித்து, காலை எடுத்துவிட்டு, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே மிதந்து போனார். இவ்வளவும் செய்து பன்னிரண்டரை வந்தது.

அவளுக்கும் கார் ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே உரிமம் வாங்கியவள். ஆனால் கல்யாணமான புதிதில் இரண்டு தடவை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியதோடு சரி. அவள் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவர், தன் உடம்பிலிருந்து யாரோ ரத்தம் எடுப்பதுபோல் மூச்சை இழுத்துக்கொண்டார். திட்டவில்லை, பாவம். மூச்சை மட்டும்தான் இழுத்தார். மூன்றாவது தடவை சாவியை நீட்டியபோது அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. அப்புறம் அவளுக்குப் பயம், அவள் ஓட்ட மாட்டாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது.

சாவி அவள் கைக்குத் திரும்பி வந்தது பேட்டரியால். நாள் கணக்கில் நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கிவிடும், வாரத்தின் நடுவில் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். மைலேஜ் சார் அந்தப் பொறுப்பைப் புதன்கிழமைகளில் மனைவியிடம் ஒப்படைத்தார். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடு, நகர்த்தாதே என்று இரண்டு தடவை சொன்னார். நின்ற இடத்தில் ஓடுகிற என்ஜினுக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை அவர் எப்படி யோசிக்காமல் விட்டார் என்று தெரியவில்லை. அவள் யோசித்தாள். பெட்ரோல் எரிகிறது, வண்டி நகரவில்லை. இதைவிட மோசமான மைலேஜ் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. கியரைப் போட்டாள்.

முதல் புதன் குடியிருப்பை ஒரு சுற்று. அடுத்த புதன் கடைத்தெருவரை. அதற்கடுத்து எப்போது நெடுஞ்சாலை ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்ல வராது. ஐந்தாவது கியர் விழுந்ததும் என்ஜின் சத்தம் அடங்கி, டயரின் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் எதையும் கேட்கவில்லை. யாருக்கும் எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. இருபது கிலோமீட்டர் போய், ஒரு பெட்ரோல் பங்க்கில் திருப்பிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு எல்லாப் புதனும் அப்படித்தான்.

சொல்லியிருக்கலாமே என்று யாரானாலும் கேட்பார்கள். சொன்னால் எங்கே போகிறாய் என்று அவர் கேட்பார். எங்கேயும் இல்லை என்கிற பதிலை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் ஒரு பெண்ணை வெளியே விட்டிருக்கிறார்கள்? அந்தப் புதன் காலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது. வேலை, வீடு, தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் யாராவது பங்குக்கு வந்துவிடுகிறார்கள். இது ஒன்றுதான் முழுசாக அவளுடையது.

ஆகவே எரிந்த பெட்ரோலை அந்தப் பங்க்கிலேயே திரும்ப ஊற்றிவிடுவாள். மருந்து அளக்கிற கை. போகவர நாற்பது கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலையில் இரண்டு லிட்டர் போதும். குறைந்துவிடக் கூடாதே என்று ஒரு சொட்டு கூடவே போடச் சொல்வாள். பெட்ரோல் முள் இருந்த இடத்தில் இருந்தது. மாட்டிக்கொள்வோம் என்று அவள் பயந்தது முள்ளால் இல்லை, கிலோமீட்டர் மீட்டரால். அதைப் பின்னால் சுழற்ற முடியாது.

மைலேஜ் சார் கணக்கு எடுக்கும் முறை நாணயமானது. மாதம் ஒரு தடவை, ஒரே பங்க்கில், டேங்க் வழிய நிரப்புவார். போன தடவை நிரப்பியதிலிருந்து வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இப்போது எத்தனை லிட்டர் பிடித்தது, அதை இதால் வகுத்தால் தீர்ந்தது. அந்த மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்க்குக்குப் போனார். கூடுதல் கிலோமீட்டர் கண்ணில் படாமலா போகும்? சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். அவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"பதினெட்டு," என்றார். "என் கால் செட் ஆயிடுச்சு."

கெட்ட சேதி வந்தால் மனிதன் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்வான். நல்ல சேதியை வாசலில் நிறுத்தி எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலையில் மயிரிழைக் கீறலுக்கு ஒரு பெட்டி வில்லையைத் திருப்பி அனுப்புகிறவர், இந்த மாதம் நாம் எங்கெல்லாம் போனோம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் ஓட்டிய தூரம் மீட்டரில் ஏறியது, அவள் ஊற்றிய பெட்ரோல் அவர் கணக்கில் வரவே இல்லை. அடுத்த மாதம் இருபது. அதற்கடுத்த மாதம் ஐந்து புதன்கிழமை, விளம்பரத் தாளில் போட்டிருந்த அதே இருபத்திரண்டு.

அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எட்டு மாடியும் போதனை. வெறுங்காலின் மகிமையைக் கேட்டு இரண்டு பேர் செருப்பைக் கழற்றிப் பார்த்தார்கள், ஒருவர் பெடலில் விரலை நசுக்கிக்கொண்டார். அவள் கேட்டும் கேட்காததுமாக இருந்தாள். ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார், நமக்கும் புதன்கிழமை கிடைக்கிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

நஷ்டம் மாப்பிள்ளைக்கு. அதாவது அவருடைய தங்கையின் கணவருக்கு. அவர் லிஃப்ட் பொருத்துகிறவர். காலையிலிருந்து இரவுவரை ஊருக்குள் கட்டடம் கட்டடமாகப் போவார், பின்னால் இரும்புச் சாமான் பெட்டி. மச்சான் வாக்கு வேதம் என்று நம்பி அதே காரை, அதே நிறத்தில் வாங்கினார். பதினொன்று கொடுத்தது. மச்சானிடம் கேட்டால், கோளாறு வண்டியில் இல்லை மாப்ளை, உங்கள் காலில் இருக்கிறது என்று பதில் வந்தது. மாப்பிள்ளை வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தார். அப்போதும் பதினொன்று. வீட்டில் பேச்சுக்குப் பேச்சு உன் அண்ணன், உன் அண்ணன் என்று ஆரம்பித்தது. நாத்தனார் ஒரு நாள் போனில், எங்களுக்குள் இருந்த சண்டையெல்லாம் போய் இப்போது இது ஒன்றுதான் அண்ணி பாக்கி என்று அழுதாள்.

கடைசியில் மாப்பிள்ளையே வழி சொன்னார். இரண்டு வண்டியையும் ஒரே பங்க்கில் வழிய நிரப்புவது, ஊருக்குள் ஒரே வழியில் ஓட்டுவது, திரும்ப வந்து நிரப்பிப் பார்ப்பது. மைலேஜ் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதை நானே சொல்ல வேண்டும் என்றிருந்தேன் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நகம் வெட்டிக்கொண்டு, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு உண்மை தொண்டைவரை வந்தது. அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மலர்ந்துபோய் இருந்தார். வந்த உண்மை வந்த வழியே போய்விட்டது. அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கடைத்தெரு, ஆஸ்பத்திரித் தெரு, பஸ் நிலையம். அவர் மூச்சைக்கூட அளந்து விட்டார். ஒரு நாயைக் காப்பாற்ற பிரேக் போட்டபோது, ஸாரி என்றார், அது நாயிடமா பெட்ரோலிடமா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளைக்குப் பதினொன்று. அவருக்குப் பன்னிரண்டரை.

பம்ப்பின் எண்ணைப் பார்த்தார். வகுத்தார். மறுபடி வகுத்தார். முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை தோளில் கையைப் போட்டு, "விடுங்க மச்சான், நமக்கும் வயசாகுதில்ல," என்றார். அது போதுமாயிருந்தது.

வேறொரு மனிதராக இருந்தால் பம்ப்பைச் சந்தேகப்பட்டிருப்பார், வண்டியைச் சந்தேகப்பட்டிருப்பார். மைலேஜ் சார் யோக்கியர். தன் காலைச் சந்தேகப்பட்டார். நாலு மாதம் நன்றாக இருந்த கால் திடீரென்று இப்படியானால் நரம்பில் ஏதோ இருக்க வேண்டும். நரம்பு டாக்டரிடம் போனார். டாக்டர் பாதத்தில் சுரண்டிப் பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார், கோளாறு ஒன்றுமில்லை என்றார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டு அவளுடைய கவுன்டருக்கே வந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று என்று உறைமேல் எழுதி, சொந்தப் புருஷனிடம் நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "சாப்பிட்டதுக்கு அப்புறமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவளால் வேலை பார்க்க முடியவில்லை. ஒன்றுமில்லாத காலுக்கு ஒரு மனிதர் மாத்திரை சாப்பிடுகிறார், அதைக் கொடுப்பதும் தான்தான். வீட்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தை மடக்கி மடக்கிப் பார்த்தார். லிஃப்டில் பேசுவதை நிறுத்திவிட்டார், படியில் இறங்கினார். வெள்ளிக்கிழமை, வண்டியை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன், காலை நம்பி உன்னை உட்காரவைத்து ஓட்ட முடியாது என்றார். புரோக்கர் மறுநாள் பார்க்க வருகிறாராம்.

கார் போனால் புதன்கிழமையும் போய்விடும். ஆனால் அந்த நிமிடத்தில் அவள் அதை நினைக்கவில்லை. அவர் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க காலு நல்லாத்தாங்க இருக்கு," என்றாள். "புதன்கிழமை நான்தான் வண்டி எடுத்துட்டுப் போறேன். ஹைவேல. பெட்ரோலும் நானே போட்டுடுறேன்."

அவர் போனைக் கையில் எடுத்தார். அப்புறம் அவர் கேட்டது, ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம்? எத்தனை லிட்டர்? எத்தனை மாதமாக? ஒவ்வொன்றுக்கும் அவள் சரியாகப் பதில் சொன்னாள். போனில் கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அவர் ஓட்டியது எப்போதும் பன்னிரண்டரை; அவள் ஓட்டியது இருபது. எல்லாம் பொருந்தியது. பாதத்தைத் தரையில் ஊன்றி எழுந்து நின்று பார்த்தார்.

"அப்ப கால்ல ஒண்ணுமில்ல," என்றார்.

"ஒண்ணுமில்ல."

விளக்கை அணைத்த பிறகு, எங்கே போகிறாய் என்ற கேள்வி வந்தது. எங்கேயும் இல்லை என்றாள். போய்விட்டு வருவதற்கு ஒரு இடம் வேண்டாமா என்றார். வேண்டாம் என்றாள். அவர் புரண்டு படுத்தார். கோபமில்லை என்பது அவர் முதுகிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். ஊருக்குள் எல்லார் வண்டியும் இப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். நாத்தனார் வீட்டில் பழைய சண்டைகள் திரும்பின. இதோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கும், அவர் மட்டும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால். ஓட்டாதே என்று அதட்டியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவர் சந்தோஷப்பட்டார். என் மனைவி ஹைவேயில் இருபது எடுக்கிறாள் என்று லிஃப்டில் எட்டு மாடியும் சொன்னார். புதன்கிழமை காலைகளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

எண்பதிலேயே வை, அதுதான் சரியான வேகம். லாரியை இப்போது முந்தாதே, மேடு வருகிறது. கண்ணாடியை ஏற்று, காற்று பிடிக்கிறது. அவர் சொன்னது எல்லாமே சரி. இருபது இருபத்தொன்றாகி, இருபத்திரண்டை எட்டியது. இந்தத் தடவை கள்ளக் கணக்கு இல்லை, நிஜமான இருபத்திரண்டு. அந்த மூச்சு இழுக்கிற பழக்கமும் போய்விட்டிருந்தது. இப்போது சபாஷ் என்றார். அவள் ஒவ்வொரு புதனும் வீட்டுக்கு வந்து, மாலை வேலைக்குப் போகும்முன் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை, அந்த நெடுஞ்சாலைப் பங்க்கில் அவர் டயருக்குக் காற்று பார்க்க இறங்கினார். பார்த்துவிட்டு வந்து கதவில் கைவைத்தார். அவள் பூட்டை விடுவிக்கவில்லை. பாதிக் கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்க இங்க கொஞ்ச நேரம் உட்காருங்க. நான் போயிட்டு வரேன்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "ஏன், ஏதாவது சத்தம் வருதா?"

ஒரு ஆள் எடை குறைந்தால் மைலேஜ் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கலாம் என்று சொன்னால் போதும். நல்ல யோசனை என்று சொல்லி, குஷியாகப் போய் உட்கார்ந்துவிடுவார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இவ்வளவு நாள் அவர் கணக்குக்குள் ஒளிந்துகொண்டு வாழ்ந்தது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"சத்தம் ஒண்ணுமில்ல. எனக்குத் தனியா ஓட்டணும். நீங்க பக்கத்துல இருந்தா நான் உங்களுக்காக ஓட்டுறேங்க. வீட்டுக்கு வந்தா தலை வலிக்குது."

அவர் கை கதவிலேயே இருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் கூட இருந்தா உனக்கு சந்தோஷமா இல்லியா?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வீட்ல இருக்குங்க," என்றாள். "இங்க இல்ல."

அவர் தலையை ஆட்டினார். மாத்திரைச் சீட்டோடு நின்றபோது ஆட்டிய மாதிரி இல்லை. இது ஒரே தடவையில் விளங்கிக்கொண்ட தலையாட்டல். கையை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, லாரிக்கு வழிவிட்டு நின்றார். அவள் சாலையில் ஏறினாள். கண்ணாடியில் அவர் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது தெரிந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது, கண்ணில் நீர்கூட வந்தது. வண்டியைத் திருப்பவில்லை.